உணவில் ஒளிந்த நஞ்சும் சிறுநீர்ச் சோதனையும்

விழா மலர் என்றால் அதில் வாழ்த்தும் வரலாறும் நன்றியுரையுமே இடம்பெறுதல் மரபு. அம்மரபினின்று சற்றே விலகி, சிறுநீரைப் பற்றி எழுத முற்பட்ட எம்மைப் பழைய மாணவ அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக. மங்கல நேரத்தில் இப்பேச்சு எதற்கு என முகஞ் சுளிப்போரும் இருத்தல் கூடும். ஆனால் நம் சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்வுகளுள் மூத்திரமும் ஒன்று. நாடியையும் நாவையும் விழியையும் நோக்கிய அதே வைத்தியர், சிறுநீரின் நிறம், மணம், நுரை ஆகியவற்றை நோக்கி நீர்க்குறி கண்டார். அதன்மேல் எண்ணெய்த் துளி விட்டு அது பரவும் விதத்தால் நெய்க்குறி கண்டார். உடலினுள் நிகழ்வதை உடல் வெளிவிடுவதனால் அறியலாம் என்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. இன்றைய இரசாயன அறிவு அதே வழியில் நெடுந்தூரம் சென்றிருக்கின்றது. அவ்வறிவு புதுக்குடியிருப்புப் போன்ற ஊருக்கு ஏன் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் மணற்பாங்கான நிலங்களில் கச்சான் நன்கு விளையும் என்பதை நாம் அறிவோம். பிடுங்கிய கச்சானை உலர்த்தி, உடைத்துத் தெரிந்தெடுக்கும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. பருத்து, நிறம் நல்லதாய் உள்ள பருப்பு வியாபாரிக்குப் போகின்றது. சுருங்கியது, உடைந்தது, கறுத்தது, ஈரம் பட்டது ஆகியவை முற்றத்து மூலையில் ஒதுங்குகின்றன. அவற்றை எறிந்துவிட வறுமை இடந்தருவதில்லை. வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கின்றோம்; இடித்துக் கறிக்குச் சேர்க்கின்றோம்; மிஞ்சியதை மாட்டுக்கு வைக்கின்றோம். விற்ற கச்சானை ஒருவேளை எவரேனும் சோதித்துப் பார்ப்பர். வீட்டில் நின்ற கச்சானைச் சோதிப்பார் ஒருவருமிலர். ஆராய்ந்து நோக்கின், ஆபத்து மிகுதியாய் இருப்பது அந்த நின்ற பங்கிலேயே என்பது புலனாகும். விற்பனைப் பொருளுக்குக் காவலுண்டு, வீட்டுப் பானைக்குக் காவலில்லை என்னும் இக்குறையை நீக்குதற்குச் சிறுநீர்ச் சோதனையே தக்க வழி என்பது எமது துணிபு.

அந்த ஆபத்து யாது? 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 1,00,000க்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணந் தெரியாமல் மடிந்தன. அவை தின்ற தீனியில் பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்குக் கலந்திருந்தது. அதனை ஆராய்ந்தபோது அஸ்பேர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பங்கசு, அதாவது பூஞ்சணம், சுரந்த நஞ்சு அகப்பட்டது. பங்கசின் பெயரைக் கொண்டே அதற்கு அஃப்லாடொக்சின் என்று பெயரிட்டனர். நிலக்கடலை, சோளம், அரிசி, கொப்பரா, செத்தல் மிளகாய் ஆகியவை சூட்டிலும் ஈரத்திலும் கிடக்கும்போது இந்நஞ்சு தோன்றுகின்றது. பயிரின் கடைசி நாட்களில் வறட்சி கண்டால், கச்சான் மண்ணுக்குள் இருக்கும்போதே பங்கசு அதனைப் பற்றிவிடும். அறுவடையின்போது மழை பிடித்துக் காய்தல் தாமதித்தால் அது பெருகும். நஞ்சுக்குச் சுவையில்லை, மணமில்லை. சாதாரணச் சமையற் சூடு அதனை அழிப்பதில்லை. வறுத்தலால் ஓரளவு குறையுமேயன்றி ஒழியாது. பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டால் நஞ்சும் போய்விட்டது என்று எண்ணுவது பெருந்தவறு.

இந்நஞ்சு மிகுதியாய்ச் சேர்ந்தால் உயிரைக் குடித்துவிடும். 1974ஆம் ஆண்டு இந்தியாவில் இராசத்தானின் பான்ஸ்வாடா, குசராத்தின் பஞ்சமகால் ஆகிய மாவட்டங்களின் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த சோளத்தை உண்ட ஏழை மக்களுள் 397 பேர் மஞ்சள் நிறமும் வயிற்று வீக்கமுங் கண்டு நோயுற்றனர். 106 பேர் இறந்தனர். அவ்வீடுகளின் எஞ்சிய உணவைத் தின்ற நாய்களும் அவ்வாறே நோயுற்றன. 2004ஆம் ஆண்டு கென்யாவில் அதே சோளத்தால் 317 பேர் நோயுற, 125 பேர் மாண்டனர். நல்ல தானியம் கைவசம் இருந்திருப்பின் இம்மக்கள் கெட்டதை உண்டிருப்பார்களா? நஞ்சு தேடிச் சென்றது பசித்த வீட்டையே.

எனினும் இத்தகைய கொள்ளைச் சாவுகள் அரியன. நாள்தோறும் சிறிது சிறிதாய் உட்சென்று பல்லாண்டு கழித்து ஈரலில் புற்றுநோயாய் வெளிப்படுவதே இந்நஞ்சின் பெருந்தீமை. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி எனப்படும் முதற் பிரிவில் அஃப்லாடொக்சினைச் சேர்த்திருக்கின்றது. மெதுவாய் வரும் இக்கேட்டுக்கு அழுகுரல் இல்லை. ஆகவே செய்தியும் இல்லை.

இலங்கைக்கு இது தூரதேசத்துக் கதையன்று. 1969ஆம் ஆண்டிலேயே பேராதனை ஆராய்ச்சியாளர், ஆய்வுகூடத்தில் இந்நஞ்சை விளைவிப்பதற்குத் தேங்காய் சிறந்த ஊடகமாகும் என்று காட்டினர். நம் நாட்டில் நடந்த பிற்கால ஆய்வுகள் சில, பச்சையரிசியிலும் பார்க்கப் புழுங்கலரிசியில் அஃப்லாடொக்சின் கூடுதலாய் இருத்தலைக் கண்டன. நெல்லை நெடுநேரம் ஊறவிடுதலும், அவித்தபின் மெல்ல உலர்த்துதலும், உமி வெடித்து அரிசி வெளித்தெரிதலும் பங்கசுக்கு வாய்ப்பாகின்றன. புழுங்கற் சோறன்றி வேறு சோறறியாத நமக்கு இது சிந்திக்க வேண்டிய செய்தி. 2021இல் இறக்குமதியான தேங்காயெண்ணெயில் அஃப்லாடொக்சின் கண்டு அதனைத் திருப்பியனுப்ப நேர்ந்ததும், 2022இல் தாய்மார்க்கும் குழந்தைகட்கும் வழங்கும் திரிபோஷாவுக்குரிய சோளத்தில் இந்நஞ்சைப் பற்றி நாடெங்கும் வாதம் எழுந்ததும் பலர் நினைவில் இருக்கும். ஆனால் இவ்விரு செய்திகளும் எங்கிருந்து வந்தன? ஒன்று துறைமுகத்திலிருந்து; மற்றையது தொழிற்சாலையிலிருந்து. புதுக்குடியிருப்பின் அடுக்களையிலிருந்து செய்தி வரவில்லை. அங்கே நஞ்சில்லை என்பது இதற்குப் பொருளன்று. அங்கே பார்ப்பார் இல்லை என்பதே பொருள்.

உணவையே நேரே சோதிக்கலாமே, சிறுநீர் எதற்கு என வினவலாம். நியாயமான வினா. கச்சானில் இந்நஞ்சு ஒரு சீராய்ப் பரவியிருப்பதில்லை. ஆயிரம் பருப்பில் ஒன்றிரண்டே கெட்டிருக்கும். ஆனால் அவ்வொன்றிரண்டில் முழுச் சாக்கையும் கெடுக்கத்தக்க நஞ்சு இருக்கும். அளவையோ மிக நுண்ணியது. ஐரோப்பிய நாடுகளில் உண்ணத்தக்க நிலக்கடலைக்கு விதித்த மொத்த எல்லை ஒரு கிலோவுக்கு 4 மைக்கிரோகிராம் மாத்திரமே. ஒரு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்துலட்சத்தில் ஒரு பங்கு. சாக்கில் ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்தால் கெட்ட பருப்பு கையில் அகப்படாமற் போகலாம். மேலும், மனிதர் உண்பது ஒரு சாக்கையன்று. சோறு, கறி, எண்ணெய், மிளகாய்த்தூள், பலகாரம் என்று பலவற்றையும் உண்கின்றனர். இவற்றால் எவ்வளவு நஞ்சு உடம்பிற் சேர்ந்தது என்னும் கூட்டுத் தொகையை எந்தச் சாக்கும் சொல்லாது. உடம்பே சொல்ல வேண்டும்.

உடம்பு அதனைச் சொல்லும் முறை வியக்கத்தக்கது. உட்சென்ற அஃப்லாடொக்சின் பி1 ஈரலை அடைந்ததும், அங்குள்ள நொதியங்கள் அதனை மாற்றுகின்றன. ஒரு பகுதி எம்1 என்னும் பொருளாகிச் சிறுநீரோடு வெளியேறும். பாலில் முதன்முதல் கண்டமையால் அதற்கு அப்பெயர் வந்தது. கெட்ட பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலில் வருவதும் இதுவே. 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை நடத்திய பாலாய்வில், தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளுள் 88இல் இந்த எம்1 எல்லை கடந்திருந்தது. ஆகவே ஒதுக்கிய கச்சானை மாட்டுக்கு வைப்பதால் தப்பிவிட்டோம் என்று கருதுதற்கில்லை. அது பாலாகிப் பிள்ளையிடம் திரும்பி வரும். பி1இன் இன்னொரு பகுதி, உயிரணுக்களின் பரம்பரைப் பொருளிலுள்ள குவானினைப் பற்றிக்கொண்டு அதனைப் பழுதாக்குகின்றது. உடம்பு அப்பழுதைத் திருத்தும்போது, பிடுங்கியெடுத்த துண்டும் சிறுநீரில் வந்து விழுகின்றது. எம்1 எவ்வளவு உண்டோம் என்பதற்குச் சான்று. குவானின் துண்டு எவ்வளவு ஊறு பட்டோம் என்பதற்குச் சான்று. சீனத்துக் குவாங்சி மாகாணத்தில் செய்து 1987இல் வெளியிட்ட ஆய்வொன்று, உண்ட பி1இல் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே எம்1 ஆகச் சிறுநீரில் வருதலையும், உண்ட அளவு கூடக் கூட அதுவும் கூடுதலையும் காட்டிற்று.

இச்சான்றின் பெறுமதியை உலகுக்கு உணர்த்தியது சாங்காய் நகரம். அங்கே 1986 முதல் 1989 வரை 18,244 ஆடவரிடம் சிறுநீரும் குருதியும் பெற்றுக் குளிரிற் பேணி வைத்தனர். பின்னர் அவர்களுள் எவர்க்கு ஈரற் புற்றுநோய் வந்ததென்று பார்த்து, பேணிய சிறுநீரை எடுத்துச் சோதித்தனர். சிறுநீரில் அஃப்லாடொக்சின் அடையாளம் இருந்தவர்க்கு, இல்லாதவரினும் ஏறத்தாழ 3 மடங்குக்கு மேலாகவும், ஈரலழற்சி பி வைரசு மாத்திரம் இருந்தவர்க்கு ஏறத்தாழ 7 மடங்காகவும், இரண்டும் ஒருங்கே இருந்தவர்க்கு 60 மடங்கை அண்மித்தும் இந்நோய் வரும் வாய்ப்பு மிகுந்திருந்தது. நோய் வருமுன்னரே சிறுநீர் உரைத்திருந்தது. கேட்பார் இருந்திருப்பின் காத்திருக்கலாம்.

நம் நாட்டிலும் ஒருமுறை இவ்வாறு கேட்கப்பட்டதுண்டு. காரணம் துணியப்படாத சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தில் பரவி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களையும் தொட்டிருத்தலை யாவரும் அறிவர். அந்நோயின் தொடக்க நிலையிலுள்ள வட மத்திய மாகாணத்தவரின் சிறுநீரை இலங்கை அறிஞரும் யப்பானிய அறிஞரும் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 61 பேரளவில் அஃப்லாடொக்சினும், 93 பேரளவில் ஒக்ராடொக்சின் என்னும் வேறொரு பங்கசு நஞ்சும், 19 பேரளவில் பியூமோனிசினும் காணப்பட்டன.

இவ்வெண்களைக் கண்டவுடன் காரணம் அகப்பட்டது என்று துள்ளுதல் அறிவுடைமையன்று. அவ்வாய்வு சிறியதொரு தேடுதலே. அதற்கு முன் 2008இல் அதே மாகாணத்தின் தானியங்களிலும் பருப்பு வகைகளிலும் ஒக்ராடொக்சினைத் தேடியவர்கள், அது விதித்த எல்லைக்கு உட்பட்டே இருத்தலைக் கண்டனர். பால்கன் நாடுகளின் கிராமத்துச் சிறுநீரக நோய்க்கும் ஒக்ராடொக்சினே காரணம் என்று பல்லாண்டு ஐயுற்றனர். இறுதியில், கோதுமை வயலில் களையாய் முளைத்த, நம் ஈச்சுரமூலியின் இனத்துச் செடியொன்றின் நஞ்சே அதற்குக் காரணம் என்னும் முடிவு வலுப்பெற்றது. ஒரு பொருள் உடம்பில் இருத்தல் வேறு. நோயை அதுதான் தந்தது என்பது வேறு. எனவே சிறுநீரக நோயின் புதிரைச் சிறுநீர்ச் சோதனை அவிழ்த்துவிடும் என்று யாம் கூறவில்லை. மக்கள் இந்நஞ்சுகளை உண்கின்றனர் என்பதை அது ஐயமின்றிக் காட்டும் என்றே கூறுகின்றோம். அது போதும். ஈரலுக்கு அஃப்லாடொக்சின் செய்யும் கேட்டுக்கு மேலும் சான்று தேட வேண்டியதில்லை.

இனித் தடைகளை நோக்குவோம். முதலாவது, இச்சோதனையைத் தனிமனிதர் விலை கொடுத்து வாங்கும் பண்டமாக்கும் ஆபத்து. ஒருவரின் ஒரு நாட் சிறுநீர், அவர் முந்திய ஓரிரு நாட்களில் உண்டதையே சொல்லும். ஆண்டுக் கணக்கைச் சொல்லாது. நீண்ட கணக்குக்குக் குருதிப் புரதத்தில் ஒட்டிய நஞ்சைப் பார்த்தல் வேண்டும். அது சில மாதங்கள் நிற்கும். அன்றியும், வெயிலில் உழைத்து வியர்த்தவரின் சிறுநீர் செறிந்திருக்கும். நிறைய நீர் குடித்தவரது நீர்த்திருக்கும். வன்னி வெயிலில் இவ்வேறுபாடு சிறிதன்று. ஆகவே கிரியேற்றினின் அளவோடு ஒப்பிட்டே முடிவு கூறல் வேண்டும். ஒரே தாளைக் காட்டி ஒருவரை அச்சுறுத்தி மருந்து விற்பது மோசடி. பல வீடுகளின் கணக்கைச் சேர்த்து ஊரின் நிலையை அறிவதே இதன் முறையான பயன்.

இரண்டாவது தடை எம்மை மிகவும் வருத்துவது. இப்பேச்சு வெளிப்பட்டால் நம் ஊர்க் கச்சானை எவர் வாங்குவர் என்று விவசாயி அஞ்சுகின்றான். 2009இல் போர் முடிந்தபோது நிலமும் வீடும் நெல் சேர்த்த கொம்பறையும் இழந்து, ஆண்டுகள் கழித்து வெறுங் கையோடு மீண்டு வந்து மண்ணைத் திருத்திய மக்கள் அவர்கள். அவர்கள் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது கொடுமை. ஆனால் அச்சத்துக்கு மருந்து மௌனமன்று. இச்சோதனை கச்சானைப் பற்றியதன்று, கச்சானை உண்ணும் பிள்ளையைப் பற்றியது என்பதை முதலில் விளக்குதல் வேண்டும். வீட்டின் பெயரோ ஆளின் பெயரோ வெளிவராது என்ற உறுதியும், சம்மதம் பெற்றே சிறுநீர் பெறுவோம் என்ற உறுதியும், முடிவு பிறநாட்டு ஏட்டில் அச்சாகுமுன் ஊராரின் காதில் அவர்தம் மொழியில் விழும் என்ற உறுதியும் தருதல் வேண்டும். வன்னி மக்களிடம் படிவம் நிரப்பிக்கொண்டு போனவர் பலர். விடையோடு திரும்பியவர் சிலரே. இம்முறையேனும் அது மாறுவதாக.

மூன்றாவது, செலவு. நுண்ணிய கருவிகள் விலை மிக்கன என்பது மெய். ஆயினும் எம்1 ஐ எலைசா முறையாற் பெருந்தொகையாய்ப் பார்த்து, ஐயத்துக்குரியவற்றை மாத்திரம் நுண்கருவிக்கு அனுப்பலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் உண்டு. அதன் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் உண்டு. 2021 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமும் உண்டு. புதுக்குடியிருப்பிலிருந்து இவை எட்டாத் தூரத்தில் இல்லை. மருத்துவரும் விவசாய அறிஞரும் ஒரு மேசையில் அமர்ந்தால் இவ்வேலை நடக்கும்.

யாம் வேண்டுவது இதுவே. புதுக்குடியிருப்பிலும் அயலூர்களிலும் குறித்த சில வீடுகளைத் தெரிந்து, ஆண்டில் இரு முறை, அறுவடை முடிந்தபின் ஒருமுறையும் சேமித்த தானியம் பழசாகும் மழை மாதங்களில் ஒருமுறையும், தாய் பிள்ளை இருவரின் காலைச் சிறுநீரையும் அவ்வீட்டுக் கச்சான், அரிசி, மிளகாய்த்தூள் மாதிரிகளையும் எடுத்துச் சோதித்தல் வேண்டும். முடிவு எதுவாயினும் அதனோடு பரிகாரமும் போதல் வேண்டும். பரிகாரம் பெரிய வித்தையன்று. வெறுந்தரையில் உலர்த்தாமல் படங்கு விரித்தும் தட்டி கட்டியும் உலர்த்தல். பருப்பின் ஈரம் நூற்றுக்கு 7, 8 பங்குக்கு இறங்குமட்டும் காயவிடல். நெல்லை 13, 14 பங்குக்கு இறக்குதல். சாக்கை நிலத்தில் வைக்காது மரத்தட்டின்மேல் அடுக்குதல். கறுத்த பருப்பை மனிதர்க்கும் மாட்டுக்கும் கொடாது எரித்தல். இவற்றோடு, 2003 முதல் நம் நாட்டுக் குழந்தைகட்குக் கிடைக்கும் ஈரலழற்சி பி தடுப்பூசியை ஒரு பிள்ளையும் தவறவிடாமை. சாங்காய்க் கணக்கு இதன் தேவையை உணர்த்தியது.

பரிகாரம் பலித்ததா என்பதையும் சிறுநீரே கூறும். இங்கிலாந்தில் 300 பேரின் சிறுநீரைச் சோதித்தபோது 296 பேரில் கோதுமையில் தோன்றும் பங்கசு நஞ்சொன்று காணப்பட்டது. சிலரைக் கோதுமையுணவைச் சில நாட்கள் குறைக்கச் செய்தபோது அந்நஞ்சும் சிறுநீரில் வெகுவாய்க் குறைந்தது. அடுத்த போகத்தில் நல்ல முறையில் உலர்த்திய வீட்டின் பிள்ளையிடம் எம்1 குறைந்திருப்பின், அத்தாய்க்கு அதனிலும் பெரிய நற்சான்றிதழ் வேறு எது? ஈரமானிக்கும் படங்குக்கும் செலவிட்ட பணம் வீண் போகவில்லை என்பதற்கும் அதுவே கணக்கேடு.

நோயின் அடையாளத்தோடு நில்லாது அதன் மூலத்தையும் தேடச் சொன்ன வள்ளுவரை நம் கல்லூரி மண்டபத்தில் மனனஞ் செய்தோம். அப்பாடத்துக்குப் பரீட்சை இப்பொழுதுதான் வந்திருக்கின்றது. நம்முள் மருத்துவர் உளர். இரசாயன அறிஞர் உளர். கடல் கடந்து பெரிய ஆய்வுகூடங்களிற் பணிபுரிவோர் உளர். இன்றும் வன்னியிற் கமஞ் செய்வோரும் உளர். விழாவின் பெயரால் வளைவு ஒன்று கட்டலாம், கற்பலகை ஒன்று பதிக்கலாம், தவறில்லை. அவற்றோடு பத்து ஈரமானிகளும் நூறு படங்குகளும் ஓர் ஆய்வுக்கு வேண்டிய முதற் செலவும் சேருமாயின், நம் அன்னையின் பெயர் கல்லில் மாத்திரமன்றிப் பிள்ளைகளின் உடல் நலத்திலும் பொறிக்கப்படும்.

நல்ல கச்சான் ஊரைவிட்டுப் போகட்டும். அதனால் வரும் காசு வீட்டுக்கு வரட்டும். ஆனால் ஒதுக்கிய கச்சான் நம் பிள்ளையின் பங்காய் எஞ்சலாகாது. எஞ்சியதா என்பதை அறிய ஒரு சிறு குப்பி போதும். அதனை ஏந்திச் செல்லவும், விடையோடு திரும்பி வரவும் துணிவார் எவர்?